நிறைவயிறு

கத்தி இறங்கியதும்
புல் வாசம் வந்தது.
மார்ச் மாதம், சுழிக்குக் கீழே இருபத்தொன்று,
பின்லாந்தின் வடமுனையில்
செத்த கலைமானின் வயிற்றுக்குள்
ஒரு ஜூலை மாதம்
நசுங்காமல் இருந்தது.

ரவ்த்னா முழங்கைவரை விட்டு
அள்ளி எடுத்தாள்.
காய்ந்த தண்டு, கதிர், முழுசாய் ஒரு கணு.
உதறிக் கட்டினால்
மறுபடி விற்கலாம் போல.

"பட்டினி இல்லையே" என்றான் வுல்லே.
"பட்டினிதான்" என்றாள்.

நவம்பரில் மழை பெய்திருந்தது.
அங்கே நவம்பரில் மழை பெய்யாது.
பெய்தது பனிமேல் உறைந்து
காடு முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டது.
கண்ணாடிக்கு அடியில் வெளிறிய பாசி,
நாம் பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி,
அதற்கு ஒன்றுவிட்ட உறவு,
வருஷத்துக்கு நாலைந்து மில்லிமீட்டர்
அவசரமில்லாமல் வளர்வது.
மான்கள் குளம்பால் தட்டின.
குளம்பு வழுக்கியது.
மோந்து பார்த்தன.
பனிக்கட்டி வாசனையையும் பூட்டியிருந்தது.

தெற்கிலிருந்து லாரி வந்தது.
ஓட்டி வந்த ஓஸ்மோ குதிரை வளர்ப்பவர்.
பணம் வாங்க மறுத்தார்.
"என் குதிரைகள் இதைத் தின்றுதான் மினுமினுக்கின்றன."
அதில் பொய்யில்லை.

தின்றன. ஐயோ, எப்படித் தின்றன!
பல வாரம் கழித்து அன்றுதான் ரவ்த்னா
பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கினாள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டியது.
வாய்க்கு எட்டியது வயிற்றுக்கும் எட்டியது.
வயிற்றுக்கு எட்டியதுதான்
உயிருக்கு எட்டவில்லை.

யோசித்தால், மான் தனியாகத் தின்பதில்லை.
அதற்குள் ஓர் ஊர் இருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாத குடிகள்
உண்டு, புளிக்கவைத்து, கொடுப்பதில்தான்
மானின் பிழைப்பு.
பாசிக்குப் பழகிய குடிகள்.
மூன்று மாத அரைப்பட்டினியில் பாதி செத்து
மீதி சுருண்டு கிடந்த ஊருக்குள்
விருந்து வந்து இறங்கினால்
யார் சமைப்பது?
அசைபோட்டு அசைபோட்டு
தாடை ஓய்ந்ததுதான் மிச்சம்.

பதினேழு போயின.
பதினேழுக்கும் இடக்காதில் இரண்டு வெட்டு,
அவள் குடும்பத்து அடையாளம்.

மிச்சக் கட்டுகளைக் கொளுத்தப் போனான் வுல்லே.
"புல் என்ன பாவம் செய்தது" என்று
தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.
ரம்பத்தோடு பனிவண்டியில் கிளம்பினாள்.

தாடிப்பாசி தொங்கும் கிழட்டு மரங்களுக்கு
நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.
வழியெல்லாம் காகிதக் கம்பெனியின் பைன்கள்,
ஒரே உயரம், ஒரே வயசு,
ஒன்றுக்கும் தாடி முளைக்கவில்லை.

மூன்று சாக்கு தேறியது.
முதல் நாள் ஒரு பிடி.
மறுநாள் இரண்டு பிடி,
நடுவே விரல்நீளத்துக்குப் புல்.
இன்னும் கேட்டு முட்டின, இடுப்பில், தொடையில்.
கையை மூடிக்கொண்டு நின்றாள்.
ஓஸ்மோவின் திறந்த கை
அப்போது ஏனோ ஞாபகம் வந்தது.

அரைக்காதி என்கிற கிழட்டுப் பெண்மான்
எழவே இல்லை.
மூக்கருகே வைத்தால் நக்கும்,
பிறகு கண்ணை மூடிக்கொள்ளும்.
வுல்லே கத்தியை ஒருமுறை பார்த்தான்.
அவள் அவனைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் விடியலில்
பட்டியின் மூலையில் அது நின்றது,
கால் நான்கும் நான்கு திசையில்.
பின்னால், பனிமேல்,
ஏதோ கறுப்பாக.

ரவ்த்னா மண்டியிட்டாள்.
பிழுக்கை.
எண்ணினாள்: பதினொன்று.
உருண்டை, கெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல்.
ஒன்றை எடுத்துக் கையுறைமேல் உடைத்தாள்.
தண்டு இல்லை, கணு இல்லை,
மைய அரைத்த கறுப்பு.

வீட்டுக்குள் ஓடி
விளக்கைப் போட்டு
வுல்லே கண்ணைக் கசக்கி எழுவதற்குள்
அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.